வலையமைப்புத் தேர்வுக்கு எத்தனை மாதம் படிக்க வேண்டும்?

“சாமி, இந்தப் படிப்பு எத்தனை நாளில் முடியும்?”

கொடைரோட்டிலும் அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் நாம் சந்திக்கும் பெற்றோர் பலர் இப்போது இக்கேள்வியைக் கேட்கின்றனர். மகனோ மகளோ திண்டுக்கல்லிலோ மதுரையிலோ பட்டப்படிப்பை முடித்து வீடு திரும்புகின்றனர். “சி.சி.என்.ஏ. என்றொரு தேர்வு எழுதப் போகிறேன், அதில் தேறினால் கணிப்பொறி நிறுவனங்களில் வேலை கேட்கலாம்” என்கின்றனர். அது இன்னதென்று பெற்றோர்க்கு விளங்குவதில்லை. எத்தனை காலம் பொறுத்திருக்க வேண்டுமென்றும் தெரிவதில்லை. ஒருபுறம், “முப்பதே நாளில் தேர்ச்சி உறுதி” என்னும் துண்டுப் பிரசுரம் வீட்டு வாசலில் வந்து விழுகிறது. மறுபுறம், “அந்த வீட்டுப் பையன் ஓராண்டாகப் படிக்கிறானாம், இன்னும் தேர்வுக்கே போகவில்லையாம்” என்னும் ஊர்ப்பேச்சு காதில் விழுகிறது. எதை நம்புவது?

இது வெறும் படிப்புச் செய்தியாக இருந்தால் நாம் இம்மாதப் பக்கத்தை இதற்கென ஒதுக்கியிருக்க மாட்டோம். இக்கேள்விக்குத் தவறான விடை சொல்லப்படும்போது காதுத் தோடு அடகுக்குப் போகிறது. பிள்ளை தேர்வில் தவறுகிறது. “இவனுக்குப் படிப்பு ஏறவில்லை” என்னும் முத்திரை விழுகிறது. குறை பிள்ளையின் அறிவில் இல்லாமல், தொடக்கத்தில் போட்ட காலக்கணக்கில் இருந்திருக்கலாம். ஆகவே அக்கணக்கைச் சரியாகப் போட்டுப் பார்ப்பதே இம்மாதம் நமது நோக்கம்.

தேர்வு இன்னது

கணிப்பொறிகளை ஒன்றோடொன்று இணைத்துச் செய்தி கொண்டுசெல்லும் அமைப்பையே வலையமைப்பு என்கிறோம். நமது கொடைரோடு சுங்கச்சாவடியையே எடுத்துக்கொள்வோம். 2021 பிப்ரவரி முதல் நாடெங்கும் சுங்கச்சாவடிகளில் ஃபாஸ்டேக் கட்டாயமாக்கப்பட்டது. வண்டியின் கண்ணாடியில் ஒட்டிய சிறு வில்லையைக் கருவி படிக்கிறது, அந்த எண் கம்பிவழி சென்று வங்கிக் கணக்கைச் சேர்கிறது, பணம் கழிகிறது, தடுப்பு உயர்கிறது. இவை யாவும் சில நொடிகளில் நடந்தேறுகின்றன. இடையிலுள்ள இணைப்பு அறுந்தால் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. அவ்விணைப்பை அமைப்பதும், காப்பதும், பழுதானால் எங்கே பழுது என்று கண்டுபிடிப்பதும் ஒரு தொழில். வங்கியிலும், மருத்துவமனையிலும், தொடர்வண்டி முன்பதிவிலும் இத்தொழில் தெரிந்தவர் தேவைப்படுகிறார். தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளைக் கண்ணாடியிழைக் கம்பியால் இணைக்கும் திட்டத்தை அரசே மேற்கொண்டிருக்கிறது என்றால், இதன் விரிவை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

இத்தொழிலுக்கு உரிய கருவிகளைச் செய்யும் நிறுவனங்களுள் சிஸ்கோ ஒன்று. 1984-ல் அமெரிக்காவில் தொடங்கப்பெற்ற இந்நிறுவனம், 1998 முதல் சி.சி.என்.ஏ. என்னும் சான்றிதழை வழங்கி வருகிறது. 2020 பிப்ரவரியில் பாடத்திட்டம் மாற்றியமைக்கப்பட்டு, ஒரே தேர்வு என்றாயிற்று. 2024 ஆகஸ்டில் மீண்டும் ஒரு திருத்தம் வந்தது. தேர்வு நேரம் 120 நிமிடம். இன்ன படிப்பு படித்திருக்க வேண்டும் என்னும் கட்டாயம் கிடையாது, எவரும் எழுதலாம். ஆனால் கட்டணம் 300 டாலர். நம் பணத்தில் இருபத்தையாயிரம் ரூபாய்க்கு மேல், வரி தனி. பூப்பறித்தும் திராட்சைத் தோட்டத்தில் கூலிக்குச் சென்றும் பிழைக்கும் குடும்பத்திற்கு இது சிறு தொகையன்று. தவறினால் ஐந்து நாள் கழித்து மறுபடியும் எழுதலாம். கட்டணத்தையும் மறுபடியும் கட்ட வேண்டும். ஆகவேதான் காலக்கணக்கு இவ்வளவு முக்கியமாகிறது.

இதனினும் எளிய முதற்படி ஒன்றும் உண்டு. சி.சி.எஸ்.டி. எனப்படும் அச்சான்றிதழையும் சிஸ்கோவே வழங்குகிறது. 50 நிமிடத் தேர்வு. 125 டாலர் கட்டணம். மற்றொரு அமைப்பாகிய காம்ப்டியா நடத்தும் ‘நெட்வொர்க் பிளஸ்’ தேர்வில் 90 நிமிடத்தில் அதிகபட்சம் 90 வினாக்கள். ஒன்பது முதல் பன்னிரண்டு மாதத் தொழில் அனுபவம் இருத்தல் நலம் என்று அவ்வமைப்பே பரிந்துரைக்கிறது. அது கட்டாயமன்று, ஆயினும் “முப்பது நாள்” என்னும் பேச்சு எவ்வளவு பொருத்தமற்றது என்பதை அப்பரிந்துரையிலிருந்தே அறியலாம்.

மணிக்கணக்கு

இப்போது கேள்விக்கு வருவோம். “எத்தனை மாதம்?” என்று கேட்பதைவிட, “எத்தனை மணி நேரம்?” என்று கேட்பதே முறை. ஏனெனில் ஒருவருடைய மாதமும் மற்றொருவருடைய மாதமும் ஒன்றாக இரா. நாள் முழுதும் ஓய்வாயிருக்கும் பிள்ளையின் மாதம் வேறு. பகலில் மில்லில் நின்று இரவில் புத்தகம் திறக்கும் பிள்ளையின் மாதம் வேறு.

சிஸ்கோ நிறுவனம் 1997 முதல் கல்விக்கூடங்கள் வாயிலாகத் தன் பாடங்களை நடத்தி வருகிறது. சி.சி.என்.ஏ.வுக்கென அங்கே மூன்று பாடப்பகுதிகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 70 மணி நேரம் என்று வகுத்திருக்கிறார்கள். ஆக, 210 மணி நேரம். இது பாடம் கற்பதற்கு மட்டும். கற்றதைத் திரும்பப் பார்க்கவும், மாதிரித் தேர்வுகள் எழுதவும், பிழைகளைத் திருத்தவும் இன்னுமொரு 60 மணி நேரமாவது வேண்டும் என்பது நமது மதிப்பீடு. மொத்தம் 270 மணி என்று வைத்துக்கொள்வோம்.

வாரத்தில் ஆறு நாள் படிப்பு, ஒரு நாள் ஓய்வு என்று கொண்டால் கணக்கு இவ்வாறு அமையும். நாளொன்றுக்கு மூன்று மணி படிப்பவர்க்குப் பதினைந்து வாரம், அதாவது மூன்றரை மாதம். இரண்டு மணி படிப்பவர்க்கு ஏறத்தாழ இருபத்து மூன்று வாரம். ஐந்து மாதத்திற்குச் சற்று மேல். ஒன்றரை மணி படிப்பவர்க்கு முப்பது வாரம், ஏழு மாதம். வேலைக்குச் சென்றுகொண்டு ஒரு மணி மட்டுமே ஒதுக்கக் கூடியவர்க்கு நாற்பத்தைந்து வாரம். பத்து மாதத்திற்கும் மேல். இதில் எவரும் சோம்பேறியல்லர், எவரும் மேதையுமல்லர். மணி நேரம் ஒன்றே. பங்கிட்ட விதந்தான் வேறு.

அப்படியானால் “முப்பதே நாள்” என்பதன் பொருள் யாது? அதே 270 மணியை முப்பதால் வகுத்துப் பாருங்கள். ஓய்வு நாளே இல்லாமல் நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரம்! அவ்வாறு படிக்கும் பிள்ளையை நாம் இதுவரை கண்டதில்லை. படித்தாலும், முதல் வாரம் படித்தது நான்காம் வாரத்தில் நினைவில் நில்லாது.

மூன்றாமவர் ஒருவரும் உண்டு. பொறியியலிலோ கணிப்பொறி அறிவியலிலோ பட்டம் பெற்று, வலையமைப்பைக் கல்லூரியிலேயே கருத்தூன்றிப் படித்தவர். அவருக்குப் பாதி நேரம் போதுமாகலாம். நாளொன்றுக்கு இரண்டு மணி வீதம் மூன்று மாதத்திற்குள் ஆயத்தமாகலாம். நம் பகுதித் திராட்சை விவசாயிக்கு இது எளிதில் விளங்கும். ஏற்கெனவே பந்தலேறிய கொடியைக் கவாத்துச் செய்தால் ஏறத்தாழ நான்கு மாதத்தில் பழம் வெட்டலாம். புதிதாக நட்ட கொடியிடம் அந்நான்கு மாதத்தில் பழம் கேட்க இயலுமா? பக்கத்து வீட்டுப் பிள்ளை மூன்று மாதத்தில் தேறினான் என்றால், அவன் கொடி எப்போது நடப்பட்டது என்று முதலில் கேட்டறிதல் வேண்டும்.

தமிழ்வழி பயின்றோர்க்கு மேலும் ஒரு சொல். இத்தேர்வு ஆங்கிலத்திலும் ஜப்பானிய மொழியிலுமே நடைபெறுகிறது, தமிழில் இல்லை. ஆதலால் தமிழ்வழி பயின்ற பிள்ளைக்குத் தொடக்கத்தில் ஐந்தாறு வாரம் கூடுதலாகத் தேவைப்படலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நாளும் பத்துக் கலைச்சொற்களைத் தனி ஏட்டில் எழுதி, எதிரே தமிழில் பொருள் எழுதி வருவோர்க்கு, சில வாரங்களில் பாடநூலின் ஆங்கிலம் பழகிவிடும். அதில் சுற்றிச் சுற்றி வருபவை சில நூறு சொற்களே.

நேரம் எங்கே செலவாகிறது?

“இருநூற்று எழுபது மணி நேரம் படிக்க அதில் அப்படி என்ன இருக்கிறது?” என்று கேட்கும் தந்தையர் உளர். பாடத்திட்டத்தை ஆறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இத்தனை விழுக்காடு என்று சிஸ்கோ நிறுவனமே அறிவித்திருக்கிறது. வலையமைப்பின் அடிப்படைகள் 20; கணிப்பொறிகளை வலையமைப்பில் சேர்க்கும் முறை 20; ஒரு வலையமைப்பிலிருந்து மற்றொன்றுக்குச் செய்தியைச் செலுத்தும் வழி 25; முகவரி வழங்குதல் முதலிய பணிகள் 10; பாதுகாப்பின் அடிப்படைகள் 15; தானியங்கி முறைகள் 10. ஆக நூறு.

இவற்றுள் புதியவர்கள் இடறி விழுமிடம் பெரும்பாலும் ஒன்றே. அது முகவரிகளைப் பகுத்தல், ‘சப்நெட்டிங்’ என்பர். பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டாம். நம் வீட்டுக்கு வரும் கடிதத்தைக் கொண்டே இதை விளக்கலாம்.

1972 ஆகஸ்டு 15 அன்று நம் நாட்டில் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் நடைமுறைக்கு வந்தது. திண்டுக்கல் வட்டாரத்து எண்கள் 624 என்று தொடங்கும். தில்லியில் கடிதம் பிரிப்பவர் கொடைரோடு எங்கேயிருக்கிறது என்று தேடுவதில்லை. முதல் எண் 6 என்று கண்டதும் தெற்கே செல்லும் பையில் இடுகிறார். 624 என்று கண்டதும் திண்டுக்கல்லுக்கு உரியதெனப் பிரிக்கப்படுகிறது. கடைசி மூன்று எண்களே எந்த அஞ்சலகம் என்று காட்டுகின்றன. முன்பகுதி ஊர்த்திசை, பின்பகுதி உரிய வாசல். கணிப்பொறியின் முகவரியும் இவ்விதமே. ‘ரூட்டர்’ என்னும் கருவி, தில்லியில் கடிதம் பிரிப்பவரைப் போல, முகவரியின் முன்பகுதியை மட்டும் பார்த்து வழியனுப்புகிறது.

ஒரே ஒரு வேறுபாடு, அதுவே தொல்லை. அஞ்சல் எண்ணில் மூன்றாம் எண்ணோடு வட்டாரம் முடிகிறது என்பது நிலையான வரம்பு. கணிப்பொறி முகவரியிலோ அவ்வரம்பை வேண்டிய இடத்தில் நகர்த்தி வைக்கலாம். ஒரு பள்ளிக்கு 192.168.10 என்று தொடங்கும் 256 முகவரிகள் இருக்கின்றன என்போம். அவற்றை அலுவலகம், ஆசிரியர், மாணவர், நூலகம் என நான்காகப் பங்கிட்டால் பங்குக்கு 64. ஒவ்வொரு பங்கிலும் முதலாவது அந்தப் பங்கின் பெயருக்கும், கடைசியானது எல்லோர்க்கும் பொதுவான அறிவிப்புக்கும் ஒதுக்கப்படும், எஞ்சியவை 62. இப்போது 130 என்று முடியும் முகவரி எந்தப் பங்கைச் சேர்ந்தது? முதற்பங்கு 0 முதல் 63 வரை. இரண்டாவது 64 முதல் 127 வரை. மூன்றாவது 128 முதல் 191 வரை. ஆகவே 130 மூன்றாம் பங்கினது. அப்பங்கில் கணிப்பொறிகளுக்குத் தரத்தக்கவை 129 முதல் 190 வரை.

இவ்வளவுதான் கணக்கு. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். ஆனால் தேர்வறையில் கணக்கீட்டுக் கருவி கிடையாது, கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும், ஒரு வினாவை விட்டு அடுத்ததற்குச் சென்றால் பின்னோக்கி வரவும் வழியில்லை. அங்கே இதை ஒரு நிமிடத்திற்குள் மனக்கணக்காகப் போட வேண்டும். புரிந்துகொள்ள ஒரு மாலை போதும். கைவர ஆறு வாரம் ஆகும். நாளும் பத்துக் கணக்கு, விடாமல், ஆறு வாரம். படிப்பில் செலவாகும் நேரத்தின் இரகசியம் இதுவே. புரிவதற்கும் கைவருவதற்கும் இடைப்பட்ட தொலைவுதான் இத்தனை மணி நேரத்தையும் விழுங்குகிறது.

கையால் கற்றல்

அடுத்து நாம் வற்புறுத்த விரும்புவது யாதெனில், படிப்பு நேரத்தில் பாதியாவது கைவேலையாக இருத்தல் வேண்டும். நிகழ்படங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பதைப் படிப்பென்று பல பிள்ளைகள் எண்ணிவிடுகின்றனர். மிதிவண்டி ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் எவரும் மிதிவண்டி ஓட்டக் கற்றதில்லை.

இதற்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டியதில்லை. ‘பாக்கெட் டிரேசர்’ என்னும் மென்பொருளை சிஸ்கோ கல்விக்கூடத் தளத்தில் பதிவு செய்வோர் இலவசமாகப் பெறலாம். கணிப்பொறித் திரையிலேயே கருவிகளை வைத்து, கம்பி இழுத்து, ஆணைகளைத் தட்டி, செய்தி போய்ச் சேர்கிறதா என்று பார்க்கலாம். சாதாரண மடிக்கணினி போதும். “கருவிகள் எங்களிடமே இருக்கின்றன, ஆகவே இவ்வளவு கட்டணம்” என்று எவரேனும் கூறினால், இச்செய்தியை நினைவிற் கொள்க. நல்ல ஆசிரியர்க்குக் கொடுக்கும் பணம் வீணன்று. ஆயினும் முதல் மாதம் தாமே படித்துப் பார்த்து, இத்துறையில் தமக்கு மனம் செல்கிறதா என்று அறிந்த பின்னரே பிள்ளைகள் பணம் கட்டுவது அறிவுடைமை.

நாளொன்றுக்கு இரண்டு மணி ஒதுக்கும் பிள்ளைக்கு இருபத்து மூன்று வாரத்தை இவ்வாறு பிரிக்கலாம். முதல் ஆறு வாரம் அடிப்படைகளும் முகவரிக் கணக்கும். அடுத்த ஐந்து வாரம் சுவிட்சுகள், ஒரே கட்டடத்துக் கணிப்பொறிகளைத் தனித்தனிக் குழுக்களாகப் பிரித்தல், கம்பியில்லா இணைப்பு. அதன்பின் ஐந்து வாரம் ரூட்டர்களும் வழி காணும் முறைகளும். மதிப்பெண் மிகுந்த பகுதி இதுவாதலால் அவசரம் கூடாது. பின்னர் மூன்று வாரம் பணிகளும் பாதுகாப்பும். ஒரு வாரம் தானியங்கி முறைகள். இறுதி மூன்று வாரம் மாதிரித் தேர்வுகள். வாரந்தோறும் ஒரு நாள், முன்பு படித்ததைத் திரும்பப் பார்ப்பதற்கே உரியது. இதைத் தவிர்த்தவர்கள் கடைசி மாதத்தில் முதலிலிருந்து தொடங்க நேர்கிறது.

தேர்வு நாளை எப்போது குறிப்பது?

இரண்டு விதமான பிழை நடக்கிறது. பணம் கட்டிவிட்டால் படித்துவிடுவோம் என்று முதல் வாரத்திலேயே நாள் குறிப்போர் ஒரு வகை. “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்” என்று ஆண்டுக்கணக்கில் தள்ளுவோர் மற்றொரு வகை. தேர்ச்சிக்கு இத்தனை மதிப்பெண் என்று சிஸ்கோ வெளியிடுவதில்லை. ஆதலால் ஆயத்தமாகி விட்டோமா என்னும் ஐயம் நல்ல மாணவர்க்கே மிகுதி. இவர்கட்கு மூன்று அடையாளங்கள் சொல்வோம்.

ஒன்று: எந்த முகவரியைக் கொடுத்தாலும் தாளில் ஒரு நிமிடத்திற்குள் பங்கு பிரிக்க முடிகிறதா?

இரண்டு: புத்தகத்தைப் பாராமல், வெற்றுத் திரையில் ஒரு சிறு அலுவலகத்தின் வலையமைப்பை எழுப்ப முடிகிறதா? அதைவிட முக்கியம், தோழர் ஒருவர் அதில் இரகசியமாக ஓர் அமைப்பை மாற்றி வைத்தால், பழுது எங்கே என்று கண்டுபிடிக்க முடிகிறதா?

மூன்று: இதுவரை காணாத வினாக்கள் கொண்ட மாதிரித் தேர்வில், அடுத்தடுத்து மூன்று முறை நூற்றுக்கு எண்பத்தைந்துக்கு மேல் வருகிறதா?

மூன்றுக்கும் விடை “ஆம்” எனில், இரண்டு மூன்று வாரத்திற்குள் நாளைக் குறித்துவிடலாம். அதற்கு மேல் தள்ளுவது அச்சமேயன்றி ஆயத்தமன்று. ஏதேனும் ஒன்றுக்கு “இல்லை” எனில், அந்த ஒன்றுக்கு மட்டும் மூன்று வாரம் கொடுத்துப் பின் பார்க்கலாம். வீட்டிலிருந்தே இணையம் வழியாக எழுதவும் வசதியுண்டு. ஆனால் தனியறையும் தடைபடாத மின்சாரமும் இணைப்பும் வேண்டும். இவை உறுதியில்லாத வீட்டினர் பெருநகரத்துத் தேர்வு மையத்திற்குச் செல்வதே நலம்.

குறுக்கு வழி

தேர்வில் வந்த வினாக்களைத் திருட்டுத்தனமாகத் தொகுத்து விற்பவர்கள் இருக்கின்றனர். “இதை மனப்பாடம் செய், இரண்டே வாரம் போதும்” என்பர். இது களவு என்று பிள்ளைகளே அறிவர். ஆயினும் வறுமையும் அவசரமும் சேர்ந்து நெருக்கும்போது மனம் தடுமாறுகிறது. இரண்டு செய்திகளை அவர்கள் முன் வைக்கிறோம். தேர்வெழுதுமுன் ஒவ்வொருவரும் ஒப்பந்தம் ஒன்றை ஏற்கின்றனர். அதை மீறியது தெரிந்தால் சான்றிதழைப் பறிக்கவும், மேலும் தேர்வெழுதாவண்ணம் தடை விதிக்கவும் நிறுவனத்துக்கு உரிமையுண்டு. இது முதலாவது. அப்படியே தப்பிவிட்டாலும், வேலைக்கான நேர்முகத்தில் ஒரு கருவியைக் காட்டி, “இது ஏன் வேலை செய்யவில்லை? சொல்” என்பார்கள். மனப்பாடம் அங்கே வாய் திறவாது. இது இரண்டாவது. இரண்டு வாரத்தில் பெற்ற காகிதம் இரண்டு நிமிடத்தில் வெளுத்துவிடும்.

சான்றிதழ் கிடைத்த அன்றே வேலை வாசலில் வந்து நிற்கும் என்றும் எண்ணலாகாது. அது கதவைத் தட்டுவதற்கான தகுதி, அவ்வளவே. முதல் வேலை இரவுப் பணியாக இருக்கலாம். சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கலாம். ஊதியம் குறைவாகவும் இருக்கலாம். சான்றிதழ் மூன்றாண்டுக்கே செல்லும். பின்னர் புதுப்பித்தல் வேண்டும். இவற்றையெல்லாம் முன்னரே அறிந்து இறங்குபவர்க்கு ஏமாற்றம் இல்லை.

வீட்டார் கடமை

இதுவரை பிள்ளைகள் கடமையைச் சொன்னோம். இனி இப்பக்கத்தை வழக்கமாகப் படிக்கும் பெற்றோர்க்கு ஒரு சொல்.

நாளுக்கு இரண்டு மணி நேரம் என்று எழுதுவது எளிது. நம் வீடுகளில் அந்த இரண்டு மணி நேரம் எங்கேயிருக்கிறது? ஓரறையிலோ ஈரறையிலோ ஐந்தாறு பேர், ஒரு மூலையில் தொலைக்காட்சி, வாசலில் உறவினர். அதிலும் பெண்பிள்ளையின் நிலை கடினமானது. அண்ணன் படிக்கும்போது “சத்தம் போடாதே” என்கிறோம். தங்கை படிக்கும்போது “முதலில் பாத்திரத்தைக் கழுவிவிட்டு வா” என்கிறோம். விடியுமுன் எழுந்து பூக்கட்டி, தண்ணீர் பிடித்து, சமைத்து, எல்லாம் முடித்தபின் இரவு பத்து மணிக்கு அவள் புத்தகத்தைத் திறந்தால், அதற்குப் பெயர் படிப்பு நேரமன்று, எஞ்சிய நேரம். இவளுக்கும் அதே 270 மணி நேரம் தேவை. அதைக் குடும்பம் மனமறிந்து கொடுத்தாலன்றி அவளால் எடுத்துக்கொள்ள இயலாது. அவளுடைய இரண்டு மணி நேரத்தில் பாத்திரத்தை அண்ணனே கழுவட்டும். அவன் கை தேய்ந்துவிடாது.

ஆகவே, பிள்ளை வந்து இச்செய்தியைச் சொல்லும் நாளில், பெற்றோர் “எத்தனை நாளில் முடிப்பாய்?” என்று கேட்பதற்கு முன், “நாளுக்கு எத்தனை மணி நேரம் உனக்கு வேண்டும்? எந்த வேளையில் வேண்டும்?” என்று கேட்பாராக. வீட்டார் அனைவரும் கூடியிருந்து அந்த வேளையைக் குறித்து, நாட்காட்டியில் எழுதித் தொங்கவிடுவாராக. அந்த வேளையில் கடைக்கு அனுப்புவதும், விருந்தினரைக் காரணம் காட்டி எழுப்புவதும் கூடாது. மாதம் ஒருமுறை, “எதுவரை வந்தாய், காட்டு” என்று அன்போடு கேட்கலாம். நாள்தோறும் “இன்னுமா முடியவில்லை?” என்று கேட்பதால் எந்தப் பிள்ளையும் விரைந்து கற்றதில்லை.

ஒன்றுமறியாப் புதியவர்க்கு, நாளுக்கு இரண்டு மணி கிடைத்தால் ஆறு மாதத்திற்குள்; ஒன்றரை மணி கிடைத்தால் ஏழு மாதம்; வேலையோடு படிப்பவர்க்கு ஓராண்டுக்குச் சற்றுக் குறைவு. கேட்ட கேள்விக்கு நமது விடை இதுவே. அதற்குக் குறைத்துச் சொல்பவரிடம் பணம் கட்டுமுன் ஒருமுறை வகுத்தல் கணக்குப் போட்டுப் பாருங்கள். அதற்கு மேல் நீளுமானால், பிள்ளையைக் கடிந்துகொள்ளுமுன், குறித்த மணி நேரம் வீட்டில் உண்மையிலேயே கிடைத்ததா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.